ஐந்து லிட்டர் தண்ணீரும் ஓர் எரிமலைக் கடற்கரையும்

ஐரோப்பா என்றதும் நமக்குப் பசும்புல்லும் பனியும்தான் நினைவுக்கு வரும். ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கு மூலையில் அதற்கு நேர்மாறான ஓர் இடம் இருக்கிறது. அல்மேரியா நகரத்துக்குக் கிழக்கே, மத்தியதரைக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் காபோ தே காட்டா முனையும் அதைச் சுற்றிய கரையும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் சென்னையில் ஒரு சுமாரான நவம்பர் மாதத்திலேயே அதைவிட அதிகம் பெய்துவிடும். கரையோரக் குன்றுகளில் பெரும்பாலானவை எரிமலைக் குழம்பும் சாம்பலும் இறுகியவை. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை கொதித்து அடங்கியவை. 1987-ல் இதை இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். 1997-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று.

எங்கள் மாப்பிள்ளை மாட்ரிட்டில் வேலை பார்க்கிறார். விடுமுறை கிடைத்தால் சைக்கிளில் ஊர் சுற்றுபவர். ஒரு பிப்ரவரிக் கடைசியில் என்னையும் அழைத்துப் போனார். அப்போது எனக்கு 67 வயது. வாடகைக்கு எடுத்த கியர் சைக்கிள், பின் சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகள், மூன்று நாள் பயணம்.

கிளம்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான். "மாமா, துணியைக் குறைச்சுக்கலாம். தண்ணியைக் குறைக்க முடியாது. வழியில குழாய் கிடையாது. ஆளுக்கு அஞ்சு லிட்டர்."

ஐந்து லிட்டர் என்றால் ஐந்து கிலோ. மேட்டில் மிதிக்கும்போது அந்த ஐந்து கிலோவும் தொடையில் தெரியும். காரில் போகிறவனுக்குத் தண்ணீர் ஒரு கணக்கே இல்லை. சைக்கிள்காரனுக்கு மடக்கு மடக்காகக் கணக்கு. அந்தக் கணக்கோடு போனதால்தானோ என்னவோ, வழி நெடுக எனக்குத் தண்ணீர் பற்றிய செய்திகளே கண்ணில் பட்டன.

முதல் நாள் அல்மேரியாவிலிருந்து கடலை ஒட்டிப் போனோம். முனைக்கு முன்னால் நீளமான உப்பளங்கள். இன்றும் உப்பு எடுக்கிறார்கள். பாத்திகளுக்கு நடுவே பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. கோடியக்கரை போனவர்களுக்குப் பழகிய காட்சி. உப்பளத் தொழிலாளர் குடியிருப்புக்குப் பக்கத்தில் தனியாக ஒரு தேவாலயம். அதைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினால் 1863-ல் கட்டிய கலங்கரை விளக்கம். அதன் கீழே கடலிலிருந்து கூர்கூராக எழும் கரும்பாறைகள், பழைய எரிமலையின் தொண்டையில் இறுகிய குழம்பு. அந்தப் பாறைத் தொடருக்குக் கடற்கன்னிப் பாறைகள் என்று பெயர். முன்பு இங்கே படுத்துக் கிடந்த கடல்நாய்களைப் பார்த்து மாலுமிகள் வைத்த பெயர் என்கிறார்கள்.

அங்கிருந்து வேலா பிளாங்கா என்ற பழைய காவல் கோபுரம் வரை செங்குத்தான ஏற்றம். மேலே ஒரு தடுப்புக் கம்பி. அதற்கு அப்பால் கார்களுக்கு அனுமதி இல்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும்தான். பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். மாப்பிள்ளை எனக்காகத் தானும் இறங்கித் தள்ளினார். மறுபக்கம் மண் பாதை. கீழே மோன்சுல் கடற்கரை. உறைந்த எரிமலைப் பாறை ஒன்று அலை கவிழ்வதுபோல் வளைந்து நிற்கிறது. இண்டியானா ஜோன்ஸ் படத்தில், ஷான் கானரி குடையை விரித்துப் பறவைகளைக் கிளப்பி விமானத்தை வீழ்த்துவாரே, அது இந்தக் கரைதான். அடுத்தது ஹெனோவேசெஸ் விரிகுடா. 1147-ல் அல்மேரியாவைப் பிடிக்க வந்த ஜெனோவாக் கப்பற்படை தங்கிய இடம். அதனால்தான் அந்தப் பெயர். இவ்வளவு அழகான கரையில் ஒரு கட்டடம்கூட இல்லை.

அன்று இரவு சான் ஹோசே கிராமத்தில் தங்கி, மறுநாள் காலை உள்நோக்கித் திரும்பினோம். முதலில் வந்த ஊரின் பெயருக்கே 'துறவிகளின் கிணறு' என்று பொருள். அங்கே பழைய நீரிறைக்கும் சக்கரம் ஒன்றைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். நோரியா என்கிறார்கள், அரபுச் சொல். நம் கமலையில் மாடுகள் முன்னும் பின்னும் போய்வரும்; இதில் கோவேறு கழுதை வட்டமாகச் சுற்றிவர, பல்சக்கரம் சுழன்று, வாளிகள் வரிசையாக நீரைக் கொண்டுவந்து கொட்டும். கமலை இறைத்ததைச் சிறுவயதில் பார்த்தவன் என்பதால் அந்த மரச்சக்கரத்தை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

அதைவிட என்னைக் கவர்ந்தது அல்ஹிபே. இதுவும் அரபு வழி வந்த சொல்தான். பாதையோரத்தில், தரையில் பாதி புதைந்த, வில்வளைவான கூரை போட்ட மழைநீர்த் தொட்டி. குன்றின் சரிவில் ஓடிவரும் மழைநீரைச் சிறு வாய்க்காலில் திருப்பி, வாசலில் ஒரு சின்னக் குழியில் வண்டலைத் தங்கவிட்டு, தெளிந்த நீரை உள்ளே விடுவார்கள். மேலே கூரை இருப்பதால் வெயில் குடிக்காது. ஆட்டு மந்தையும் ஆட்களும் பிழைத்தது இந்தத் தொட்டிகளால்தான். வருஷத்தில் சில நாள் பெய்கிற மழையை வருஷம் முழுக்க வைத்துக் குடித்த மனிதர்கள்.

செடிகளுக்கும் அதே பாடம். அங்கே முளைக்கும் குட்டைப் பனை ஐரோப்பிய நிலப்பரப்பின் சொந்தப் பனை. பொதுவாக அதிக உயரம் வளர்வதில்லை. நம் இலந்தையின் உறவான முட்புதர் ஒன்று, நிலத்தடி நீரைத் தேடி வேரை வெகு ஆழத்துக்கு இறக்கிவிடுகிறது. ரயில் கற்றாழை வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்து வியந்தேன். 1950-களில் நார் எடுக்கலாம் என்று நட்டதாம். செயற்கை நார் வந்ததும் கைவிட்டுவிட்டார்கள்.

ரொதால்கிலார் என்ற ஊரில் தங்கச் சுரங்கம் இருந்தது. 1956-ல் சர்வாதிகாரி ஃபிராங்கோவே வந்து பெரிய ஆலையைத் திறந்து வைத்தார். பாறையை அரைத்து, சயனைடு கலந்த நீரில் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் முறை. பத்தே ஆண்டுகள், 1966-ல் மூடிவிட்டார்கள். வேலை போனதும் ஊர் காலியாயிற்று. கூரையில்லாத தொழிலாளர் வீடுகளும், மலைச்சரிவில் வட்டத் தொட்டிகளும் இன்றும் அப்படியே நிற்கின்றன. நார் போனது, தங்கம் போனது. எதுவும் நிலைக்காததால்தான் இந்தக் கரை கட்டடம் ஏறாமல் தப்பியது என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் சுரங்கங்களைத் தாண்டி மண் பாதையில் 'துறவியின் பண்ணை' என்ற பாழடைந்த பெரிய பண்ணைவீட்டுக்குப் போனோம். 1928-ல் இந்த வீட்டு மணப்பெண் கல்யாணத்துக்கு முந்தைய இரவு தன் உறவுக்காரனோடு ஓடிப்போக, வழியில் அவன் கொல்லப்பட்டான். லோர்காவின் 'ரத்தத் திருமணம்' நாடகத்துக்கு அந்தச் செய்திதான் விதை. ரொதால்கிலார் பள்ளத்தாக்கில் வளர்ந்த கார்மென் தே புர்கோஸ் என்ற எழுத்தாளர் அவருக்கும் முன்பே, 1931-ல், இதைக் குறுநாவலாக எழுதினார்.

அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் மிதித்ததும் காட்சி சட்டென மாறியது. எதிரே வெள்ளைக் கடல். தண்ணீர் இல்லை, பிளாஸ்டிக். அல்மேரியா மாகாணத்தில் ஏறத்தாழ 30,000 ஹெக்டேருக்குப் பிளாஸ்டிக் கூடாரங்கள் போட்டுத் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் விளைவிக்கிறார்கள். குளிர்காலத்தில் வட ஐரோப்பா சாப்பிடும் காய்கறியில் பெரும் பங்கு இங்கிருந்துதான் லாரி ஏறுகிறது. ஆழ்குழாய்களில் உறிஞ்சி உறிஞ்சி நிலத்தடி நீர் இறங்கிப்போய், பல இடங்களில் உப்பேறிவிட்டது. இப்போது கார்போனேராஸ் என்ற ஊரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்தும் வயலுக்குத் தண்ணீர் வருகிறது.

அந்தக் கூடாரங்களுக்கு நடுவே போகும் சாலையில் எங்களைப் போலவே சைக்கிள்காரர்கள். மொராக்கோவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள். வேலை முடிந்து திரும்பும் நேரம். ஒரு இளைஞர் பின்னால் இரண்டு வெள்ளை கேன்களைக் கயிற்றால் கட்டி, எங்கள் கூடவே மிதித்து வந்தார். மாப்பிள்ளை ஸ்பானிய மொழியில் பேச்சுக் கொடுத்தார். பலகையும் பழைய பிளாஸ்டிக்கும் வைத்துக் கட்டிய குடிசையில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்களாம். அங்கே குழாய் இல்லை. வேலை செய்யும் இடத்தில் பிடித்துக்கொண்டு போகிறார். என் பையிலிருந்த புட்டியைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்ன சொல்றார்?" என்றேன்.

"பெரியவர் எவ்வளவு தண்ணி கொண்டு போறார்னு கேக்கறார் மாமா."

ஒரு லிட்டர் மிச்சம் இருந்தது. அவர் பின்னால் நாற்பது லிட்டராவது இருக்கும். ஒரு மண் பாதை வந்ததும் கையை உயர்த்திவிட்டுத் திரும்பிப் போனார். ஏற்றத்தில் அவரும் இறங்கித் தள்ளுவது தெரிந்தது.

நம் தலைமுறைக்குச் சைக்கிள் விளையாட்டுப் பொருள் இல்லை. பால்காரரும் தபால்காரரும் நெசவாளியும் ஓட்டிய வண்டி அது. அதனால் அந்த இளைஞரின் கேன்களை நான் சரியாகவே புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன். அன்று இரவு அல்மேரியா விடுதியில் சாப்பாட்டோடு ஒரு தட்டுத் தக்காளி வந்தது. நீர் சொட்டச் சொட்ட, நல்ல ருசி. மாப்பிள்ளையும் நானும் வெகுநேரம் எதுவும் பேசாமல் சாப்பிட்டோம்.