பீரோவில் பன்னிரண்டு புடவைகள்

என்னிடம் இருப்பவை பன்னிரண்டு புடவைகள், ஐந்து ரவிக்கைகள், இரண்டு சால்வைகள். இதைச் சொன்னதும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஏதாவது வேண்டுதலா?" என்பது. ஆண்கள் கேட்பதில்லை; அவர்களுக்குப் பன்னிரண்டே அதிகமாகத் தெரிகிறது. வேண்டுதலும் இல்லை, விரதமும் இல்லை. வங்கி வேலை, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றல். புவனேஸ்வர், கொல்கத்தா, போபால், இப்போது டெல்லி. ஒவ்வொரு முறையும் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டிகளை இழுத்துத் தூசி தட்டும்போது, அவற்றில் முக்கால்வாசி முந்தைய ஊரில் பிரிக்கப்படவே இல்லை என்பது தெரியவரும். டெல்லிக்கு வந்து இறங்கிய வாரம் எல்லாவற்றையும் தரையில் பரப்பிக் கணக்கெடுத்தேன். எண்பத்தாறு. அவற்றில் நானே ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தவை இருபதுகூட இல்லை.

மீதி எல்லாம் வந்தவை. நம் வீடுகளில் புடவை வாங்கப்படுவதைவிட வந்து சேர்வதுதான் அதிகம். கல்யாணம், சீமந்தம், கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புடவை வரும், பதிலுக்கு ஒன்று போகும். வெற்றிலை பாக்குடன் வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணிகளின் பயணத்தை யாராவது ஆராய்ச்சி செய்யலாம். எனக்குத் தெரிந்து ஒரு பச்சைத் துணி மூன்று நவராத்திரிகளைக் கடந்து, மடிப்புக் கலையாமல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. இந்தச் சுழற்சியில் யாரும் எதையும் உடுத்துவதில்லை. உறவுகள் அப்படித்தான் நடக்கின்றன என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு என் பீரோ கிடங்காக வேண்டாம். இப்போதெல்லாம் வருகிற புடவை ஒரு மாதத்துக்குள் உடுத்தப்பட வேண்டும். இல்லையென்றால் உடுத்துகிற ஒருவர் கைக்குப் போய்விடும்.

குறைக்க உட்கார்ந்தபோதுதான், நம்முடைய உடையே குறைவாக வைத்துக்கொள்ளத் தோதானது என்பது உறைத்தது. புடவையும் வேட்டியும் தைக்காத துணிகள். புடவை சுமார் ஐந்தரை மீட்டர். அவ்வளவுதான், அதற்கு அளவு எண் கிடையாது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும், ஐம்பது கிலோவிலும் எழுபது கிலோவிலும் அதே புடவை. அம்மா கட்டியதை மகள் கட்டலாம். இந்தியாவில் புடவை கட்டும் விதங்கள் நூற்றுக்கும் மேல் உண்டு என்று துணி ஆய்வாளர் ரீத்தா கபூர் சிஷ்டி பதிவு செய்திருக்கிறார். துணி ஒன்று, உடை வேறு வேறு. இறுகுவதும் தொளதொளப்பதும் அக்குளில் கிழிவதும் ரவிக்கைதான்.

அதனால் கணக்கை ரவிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். யாராவது யோசனை கேட்டால் நான் சொல்லும் ஒரே உருப்படியான விஷயம் இது. கறுப்பு, சந்தன நிறம், அரக்கு, நீல அஜ்ரக், மஞ்சள் களம்காரி என்று என்னிடம் ஐந்து. புதிதாக வாங்கும் எந்தப் புடவையும் இவற்றில் இரண்டுக்காவது பொருந்த வேண்டும். கடையில் ஆசைப்படும் பத்தில் எட்டு இந்தச் சோதனையில் தோற்றுவிடும். சல்வார் போடும் என் அலுவலகத் தோழி இதே கணக்கைத் துப்பட்டாவில் வைத்திருக்கிறாள்: மூன்று துப்பட்டா, ஆறு குர்த்தா, வெள்ளையிலும் கறுப்பிலும் சல்வார்கள். என் கணவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. நான்கு வேட்டி, மூன்று கதர் குர்த்தாவோடு அவர் இருபது வருஷமாக இப்படித்தான் இருக்கிறார். அதற்குப் பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டில் மூன்று பட்டு: என் கல்யாணக் காஞ்சிபுரம், அம்மாவின் அரக்குப் பட்டு, ஒரு டஸ்ஸர். மீதி ஒன்பதும் வேலை நாட்களுக்கு. வங்காளத்துத் தாந்த் இரண்டு, ஆந்திரத்து மங்களகிரி இரண்டு, கோட்டா ஒன்று, பருத்தியில் பட்டு இழை கலந்த மகேஷ்வரி ஒன்று, சம்பல்புரி மூன்று. கஞ்சி போட்ட தாந்த் உடம்பில் ஒட்டாமல் விறைத்து நிற்பதால் உள்ளே காற்று புகும். கொல்கத்தாவின் ஜூன் மாதப் புழுக்கத்தில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். டெல்லிக் குளிரில் அதே புடவைக்குள் கம்பளிப் பனியனும் மேலே குலு சால்வையும்.

சம்பல்புரி மூன்று இருப்பதற்குக் காரணம் உண்டு. மேற்கு ஒடிசாவில் பர்கட், சோன்பூர் பக்கம் நெய்யப்படும் இதில், சித்திரம் துணியில் அச்சாவதில்லை. நெய்வதற்கு முன்பே, சித்திரத்துக்குத் தக்கபடி நூலைப் பகுதி பகுதியாக இறுகக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்து, வேறிடத்தில் கட்டி, அடுத்த சாயம். பிறகு தறியில் நெய்யும்போது, நூலிலேயே ஒளிந்திருந்த சங்கும் மீனும் தாமரையும் துணியில் வெளிப்படுகின்றன, ஓரங்கள் லேசாகக் கலங்கி. நூலே சாயமேறியதால் உள்புறமும் வெளிப்புறமும் ஒன்று. ஒரு பக்கம் கறை பட்டால் திருப்பிக் கட்டலாம். கீழ்க்கரை நைந்தால் மேல்கரையைக் கீழே விடலாம். விசைத்தறித் துணியில் இதே சித்திரத்தை அச்சடித்து விற்பதைக் கண்டுபிடிக்கவும் இதுவே வழி: புரட்டிப் பாருங்கள், பின்புறம் வெளிறியிருக்கும்.

குறைவான உடை என்பது ஓயாத பராமரிப்பும்கூட. முதல் சலவை தனியாக, உப்புத் தண்ணீரில். பருத்திக்குக் கஞ்சி, நிழலில் காய்ச்சல். பட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கேயே முறியும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பேன். நாப்தலீன் உருண்டை ஜரிகையில் படக்கூடாது. எளிமையைப் போதிக்கும் வெளிநாட்டுப் புத்தகங்கள் இதையெல்லாம் விட்டுவிடுகின்றன. கொஞ்சம் துணியோடு வாழ்வதற்குத் தண்ணீர் வேண்டும், வெயில் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

எழுபத்து நான்கு புடவைகள் எங்கே போயின? பாதி, கட்டிக்கொள்ளும் உறவுப் பெண்களிடம். மற்றவை பழைய துணிக்குப் பாத்திரம் தரும் பெண்ணிடம். பதிலுக்கு எவர்சில்வர் அடுக்கும் இரண்டு வாளியும் வந்தன. டெல்லியில் அப்படிச் சேரும் துணிகள் ரகுபீர் நகர்ச் சந்தையில் விடிவதற்கு முன்பே கைமாறுகின்றன. வங்காளத்துப் பாட்டிகள் இன்னும் கெட்டிக்காரிகள். நைந்த புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தையலோட்டிக் காந்தாவாக்கினார்கள். அதே காந்தா வேலையைப் புதுப் பட்டில் செய்து ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கடைகள் இன்று உண்டு.

இருந்தாலும் 'எளிமை' என்ற சொல்லை எனக்குப் பயன்படுத்தக் கூச்சமாக இருக்கிறது. 1917-இல் சம்பாரணில், பிதிஹர்வாவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெண்கள் அழுக்கு உடையோடு இருப்பதைக் கண்ட காந்தி, ஏன் துவைப்பதில்லை என்று கேட்கக் கஸ்தூர்பாவை அனுப்பினார். ஒரு பெண் அவரைக் குடிசைக்குள் அழைத்துப் போய், பெட்டியும் இல்லை, மாற்றுப் புடவையும் இல்லை என்பதைக் காட்டினாள். தன் சுயசரிதையில் காந்தி இதை எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் அவர் அரைத் துண்டுக்கு மாறினார். ஒன்றே ஒன்று வைத்திருந்த அந்தப் பெண்ணின் நிலையும் என் பன்னிரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்காது. நான் நினைத்தால் நாளைக்கே பதின்மூன்றாவதை வாங்கலாம்.

வாங்கச் சொன்ன ஒருத்தியும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பர்கட் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில், நூல் கட்டிக்கொண்டிருந்த பெண் என்னிடம் எத்தனை புடவை இருக்கிறது என்று விசாரித்தாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எல்லோரும் தீதியைப் போல இருந்துவிட்டால் தாங்கள் யாருக்கு நெய்வது என்று கேட்டாள்.

ஊர் திரும்பும் ரயிலில் இதைத்தான் யோசித்தேன். 2009-10 கணக்கெடுப்பில் நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் சுமார் 43 லட்சம் பேர்; 2019-20 கணக்கெடுப்பில் 35 லட்சம். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் நாம் யாரும் புடவைக் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. நாம் அதிகமாக வாங்கியது சூரத்தின் பாலியஸ்டரையும் விசைத்தறியையும். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985-இல் வந்தது; புடவையும் அதில் உண்டு. 2006-இல் கைத்தறி முத்திரையும் வந்தது. கடைக்காரரிடம் முத்திரை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் காபி வரும். இதையெல்லாம் பார்க்கும்போது, என் பீரோவில் கிடந்த எண்பத்தாறும் அவள் தறிக்குப் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. அவற்றில் கையால் நெய்தவை கால்வாசி இருந்தால் அதிகம்.

என் கணக்கு இப்படி: வேலை நாள் புடவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இருபத்தைந்து முறை உடுத்தப்படுகிறது, ஆறு ஆண்டு தாங்கும். 3,000 ரூபாய்ப் புடவையானாலும் ஒரு நாளைக்கு 20 ரூபாய்தான். நான்கு தடவை கட்டிவிட்டு அலுத்துப்போகும் 600 ரூபாய்ப் புடவைக்கு நாளொன்றுக்கு 150 ரூபாய். ஆகவே பேரம் பேசாமல் வாங்க முடிகிறது. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ, கூடுமானவரை நெய்தவரிடமே. அவள் கேட்ட கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆண்டுக்கு இரண்டு புடவை வாங்குகிறவளை நம்பி யாரும் மகனைத் தறியில் உட்கார வைக்க மாட்டார்கள்.

இந்தக் கோடையில் ஒரு சம்பல்புரி இரண்டு பக்கமும் கட்டி, இரண்டு கரையும் நைந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, அரக்கில் வெள்ளை மீன் போட்டு ஒன்று வேண்டும் என்று சொல்லிப் பாதிப் பணம் அனுப்பியாயிற்று. பூஜைக்கு முன்னால் வந்துவிடும் என்கிறாள். கறுப்பு ரவிக்கையும் சந்தன நிறமும் அதற்குப் பொருந்தும்.