மூவர் எழுதிய பரீட்சை

பங்குனி பிறப்பதற்கு முன்பே எங்கள் தெருவுக்கு இரண்டு விருந்தாளிகள் வந்துவிடுவது வழக்கம். ஒன்று மாவடு, இன்னொன்று பரீட்சை. மாவடுவைக் கூடையில் வைத்துக் கூவி விற்பார்கள். பரீட்சையை யாரும் கூவுவதில்லை. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டியின் சத்தம் அடங்கி, அதிகாலை நாலு மணிக்கு விளக்குகள் எரியத் தொடங்கினால், வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

2024-ஆம் வருஷம் அந்த விளக்குகளில் ஒன்று எங்கள் வீட்டிலும் எரிந்தது. என் பையன் பிளஸ் டூ எழுதினான். அவன் ஒருவன்தான் எழுதினான் என்று அரசாங்கத்தின் பதிவேடு சொல்லும். பிள்ளை பெற்ற வாசகர்களுக்கு உண்மை தெரியும். ஹால் டிக்கெட்டில் ஒரு படம்தான் இருந்தது. எழுதியவர்கள் மூன்று பேர்.

ஜனவரி மாதமே என் மனைவி வீட்டின் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். தொலைக்காட்சியின் ரிமோட் பீரோவுக்குள், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. வாரத்தில் மூன்று நாள் வெண்டைக்காய். இரண்டு நாள் வல்லாரைக் கீரை. வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பது நம் நாட்டில் வெகுநாளாக இருந்துவரும் நம்பிக்கை. பையனுக்கு என்ன வந்ததோ தெரியாது. எனக்கு வெண்டைக்காய் என்ற சொல்லைக் கேட்டாலே பயம் வரத் தொடங்கியது. கீழே மாணிக்க விநாயகர், மேலே உச்சிப் பிள்ளையார் என்று மலைக்கோட்டையை ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கினோம். அது போதாது என்று பூந்தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள கூத்தனூருக்கும் போய், சரஸ்வதியின் சந்நிதியில் நாலு பேனாக்களை வைத்து எடுத்து வந்தோம். ஒட்டக்கூத்தருக்குக் கிடைத்த ஊர், அதனால்தான் கூத்தனூர் என்பார்கள். ஒரு புலவருக்கு அருள் செய்தவள் ஒரு பிளஸ் டூ பையனைக் கைவிட்டுவிடுவாளா என்பது என் மனைவியின் வாதம். எழுதிப் பிழைக்கிறவனான நான் அதை மறுக்க முடியுமா? பேசாமல் என் பேனாவையும் ஐந்தாவதாகச் சேர்த்து வைத்தேன்.

இத்தனை பயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. 2020-ல் கொரோனா வந்தபோது பையன் எட்டாம் வகுப்பு. எல்லோரும் தேறியதாக அறிவித்துவிட்டார்கள். 2021-ல் ஒன்பதாம் வகுப்பு, அப்போதும் அப்படியே. ஆக, இரண்டு வருஷம் முழுப் பரீட்சை என்பதையே பார்க்காமல் வளர்ந்தவன் அவன். பிறகு பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ச்சியாகப் பொதுப் பரீட்சை. இரண்டு வருஷம் குளத்தையே காட்டாமல் வைத்திருந்துவிட்டு, மூன்றாம் வருஷம் காவேரியில் நீந்து என்று சொன்னது போல இருந்தது.

பரீட்சைக்கு முன்னால் நானும் மனைவியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். சொல்லப்போனால், நான் சொன்னேன்; அவள் ஒத்துக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு வருகிறவனிடம் "எப்படி எழுதினே?" என்று கேட்கக்கூடாது. கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு விசாரணை நடத்தக்கூடாது. எல்லாப் பரீட்சையும் முடிந்த பிறகுதான் அந்தப் பேச்சு.

"நீங்க சொல்றதும் நல்லதுக்குத்தான்" என்றாள் அவள். ஏன் சொல்கிறேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போது சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

தமிழ் போயிற்று, ஆங்கிலம் போயிற்று, வேதியியலும் பழுதில்லாமல் போயிற்று. பெளதிகத்தன்று பையன் இரண்டு மணிக்கு வந்தான். செருப்பைக் கழற்றினான், பையை நாற்காலியில் போட்டான், நேரே அறைக்குள் போய்ப் படுத்துவிட்டான். தட்டில் போட்ட சாதம் காய்ந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஒப்பந்தப்படி இருவரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சாவு விழுந்தால்கூட இப்படி ஒரு மௌனம் இருக்காது. நாலு பேர் அழவாவது அழுவார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு மணி இருக்கும். மெதுவாக எழுந்து வந்து, நாற்காலியில் கிடந்த பையைத் திறந்தேன். கேள்வித்தாள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், விளக்கைப் போட்டு, தரையில் உட்கார்ந்தேன். ஒரு மதிப்பெண் கேள்விகள் பதினைந்து, இரண்டு மதிப்பெண்ணில் ஆறு, மூன்றில் ஆறு, ஐந்தில் ஐந்து. மொத்தம் 70. பதினைந்து கேள்விகளுக்கும் அவனே விடையைப் பென்சிலால் சுழித்து வைத்திருந்தான். நான் அவனுடைய பெளதிகப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஓரத்தில் எண் போட ஆரம்பித்தேன்.

"என்னங்க பண்றீங்க?"

கையும் பென்சிலுமாகப் பிடிபட்டேன்.

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. அவள் என் எதிரில் உட்கார்ந்து, "எத்தனை வருது?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. அந்தக் கேள்வியை நான் முன்னொரு முறை கேட்டிருக்கிறேன், அதே போன்ற ஒரு சமையலறையில்.

1998-ல் நான் பிளஸ் டூ எழுதினேன். அப்போதெல்லாம் பாடத்துக்கு 200, மொத்தம் 1200. அதை 600 ஆக்கியது பிற்பாடு. என் தகப்பனாருக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தா வேலை. பெளதிகம் எழுதிவிட்டு வந்த அன்று மாலை, அவர் கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு என்னை எதிரே உட்கார வைத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் என்ன எழுதினேன் என்று சொல்லச் சொன்னார். ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுக்கொண்டே வந்தார். "எத்தனை வருது?" என்று அம்மா கேட்டாள். 150-க்கு 83 என்று கூட்டிச் சொன்னார். திட்டவில்லை, அடிக்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரவு சாப்பிடாமல் வெளியே போய்விட்டார்.

அடுத்த பரீட்சை வேதியியல். கேள்வித்தாளைக் கையில் வாங்கினேன். அதில் எழுதியிருந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. 83 என்ற எண்தான் தெரிந்தது. அப்பா சாப்பிடாமல் எழுந்த தட்டுத் தெரிந்தது. மே மாதம் முடிவு வந்தபோது, பெளதிகத்தில் அப்பா போட்ட கணக்குக்கு மேலேயே வாங்கித் தேறியிருந்தேன். வேதியியலில் போய்விட்டது.

மறுபடி எழுதித் தேறினேன். ஒரு வருஷம் வீணாயிற்று. பிறகு கல்லூரியில் சேர்ந்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கவில்லை. 'இலக்கிய ஆர்வத்தால் படிப்பைத் துறந்தவர்' என்று என் புத்தகங்களின் பின்னட்டையில் போடுகிறார்கள். நானும் மறுத்ததில்லை. கேட்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது?

அந்த இரவு அப்பா எங்கே போனார் என்பது பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். என்னை இன்ஜினீயரிங்கில் சேர்ப்பதற்காகச் சேமநிதியில் கடன் கேட்டு அன்று காலையில்தான் மனுப் போட்டிருந்தாராம். கூட்டுத்தொகையைப் பார்த்ததும் அவருக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. பட்டறை வாசல் வரை நடந்து போய், அங்கே சிறிது நேரம் நின்றுவிட்டு, திரும்பி நடந்து வந்தாராம். 1965-ல் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு, பத்திரிகையில் தம் எண் இருக்கிறதா என்று தேடியவர் அவர். எண் இருந்தது, மேலே படிக்க வைக்கத்தான் வீட்டில் பணம் இல்லை. பாவம், அவருக்கு என்னிடம் கோபமே இல்லை. அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் அன்று இரவு என் மனைவியிடம் சொன்னேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

"எங்கிட்டகூடச் சொல்லலையே நீங்க" என்றாள். சற்று நேரம் கழித்து, "நானும் ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"டியூஷன் வாத்தியாருக்கு உங்களுக்குத் தெரியாம தினமும் போன் பண்ணிட்டுத்தான் இருக்கேன். பிள்ளை உங்களை மாதிரி ஆயிடுவானோன்னு எனக்குப் பயம்."

இருபது நாவல்கள் எழுதியவனுக்கு இது இனிக்குமா? வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். கூட்டங்களில் சால்வை போர்த்துகிறார்கள். வீட்டுக்காரிக்கு நான் ஓர் எச்சரிக்கைப் பலகை! சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரருக்குப் பதில் சொல்கிறவள் அவள். பதிப்பாளர் பணம் அனுப்புவார், அனுப்புவார் என்று நான் சொல்லும்போதெல்லாம் வளையலைக் கழற்றியவள் அவள். அந்தப் பயத்தைப் படுவதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அதைப் பையனிடம் காட்டாமல் இத்தனை நாள் விழுங்கியிருக்கிறாள் என்பதுதான் பெரிய விஷயம். நாலு மணிக்கு எழுந்து காபி போட்டு, பகலெல்லாம் வேலை செய்து, இரவு பதினொரு மணிக்கு அவனுக்குப் பால் ஆற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்தவள் அவள். நானோ ஒப்பந்தம் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன்.

"நாளையிலேருந்து நாலு மணி காபி என்னுது. நீ ஆறு வரைக்கும் தூங்கு" என்றேன்.

"நீங்க போட்ட காபியைக் குடிச்சா அவன் தேறவே மாட்டான்" என்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தண்ணீர் குடிக்க வந்த பையன் வாசற்படியில் நின்றிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றானோ! தரையில் கிடந்த கேள்வித்தாளைப் பார்த்தான். என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தான்.

"எத்தனை வந்துச்சுப்பா?" என்றான். குரல் கொஞ்சம் நடுங்கிற்று.

"எனக்குக் கணக்கு வராதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன். "பாதியிலேயே நிறுத்திட்டேன்."

அவன் சம்புடத்திலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தான். ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றை நேரம் போதாமல் விட்டுவிட்டதாகத் தானாகவே சொன்னான். தொடக்கத்தில் கேள்வித்தாளைப் படிக்கக் கொடுக்கிற பத்து நிமிஷத்தில் எதை முதலில் எழுதுவது என்று திட்டம் போடாததால் வந்த வினை என்றும் சொன்னான். எந்த விசாரணையாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல வைத்திருக்க முடியாது. நான் வேதியியலில் தவறிய கதையை அவனிடமும் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டான். பிறகு, "அப்ப தாத்தா என்னப்பா சொன்னாங்க?" என்றான்.

"ஒண்ணும் சொல்லலை. அதான் கஷ்டமாப் போச்சு."

விட்டது ஐந்து மதிப்பெண். தவறினால்கூட துணைத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. அந்த வருஷமே மேலே சேர்ந்துவிடலாம். இதெல்லாம் மூன்று பேருக்கும் தெரிந்த செய்திதான். இருந்தாலும் இரவு இரண்டு மணிக்கு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டபோதுதான் அது மனத்தில் ஏறியது. பையன் போய்ப் படுத்தான். விடிந்து எட்டு மணி வரை தூங்கினான். என் மனைவி எழுப்பவில்லை. அவளுடைய நிர்வாகத்தில் அது ஒரு புரட்சி.

கணக்குப் பரீட்சையன்று நானே அவனை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். பத்து மணிக்கு மணி அடித்தது. ஒன்றேகால் வரை வேலையில்லை. ஆனாலும் வீடு திரும்ப மனம் வரவில்லை. என்னைப் போலவே இருபது முப்பது பேர் வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஓர் ஆட்டோக்காரர் அன்றைய சவாரியை விட்டுவிட்டு மகளுக்காகக் காத்திருந்தார். பூக்கட்டும் அம்மாள் ஒருத்தி அங்கேயே உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். மகன் காய்ச்சலோடு உள்ளே போயிருக்கிறானாம். யாரோ ஒருவர் பானையில் மோர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். யார் எந்த ஊர், என்ன சாதி, என்ன சம்பளம் என்று யாரும் விசாரிக்கவில்லை. "வந்துடுவான்மா, நல்லா எழுதிடுவான்" என்று ஆட்டோக்காரர் பூக்கார அம்மாளிடம் சொன்னார். அவருக்கு அந்தப் பையனை முன்பின் தெரியாது. அந்த அம்மாளுக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. கேட்டுக்கொண்டு நின்ற எனக்குங்கூட.

மே மாதம் முடிவு வந்தது. கைப்பேசிக்கே வந்துவிட்டது, தகப்பனாரைப் போலப் பத்திரிகையில் விரலை வைத்துத் தேட வேண்டிய வேலை இல்லை. மதிப்பெண் என்ன என்று வாசகர்கள் கேட்பீர்கள். மாநிலத்தில் முதலிடம் யாருக்கு என்று அறிவிப்பதை அரசாங்கமே 2017-லிருந்து நிறுத்திவிட்டது. அப்படியிருக்க நான் மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்? தேறினான். விரும்பிய பாடத்தில் சேர்ந்திருக்கிறான். அது போதும்.

போன வாரம் கீழ்வீட்டு அம்மாள் மாடிக்கு வந்தாள். அவளுடைய பெண்ணுக்கு அடுத்தது பிளஸ் டூ. "நீங்க என்னவெல்லாம் பண்ணீங்கன்னு சொல்லுங்கக்கா" என்று என் மனைவியிடம் யோசனை கேட்டாள். வெண்டைக்காய், வல்லாரை, கூத்தனூர் எல்லாம் வரிசையாக வரும் என்று நான் காத்திருந்தேன்.

என் மனைவி என் மேஜைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"முதல்ல உங்க வீட்டுக்காரர் கையில பென்சில் கிடைக்காமப் பார்த்துக்கங்க."