கணு இல்லாத தண்டு

பத்தமடையில் பாய் நெய்கிற பெண்களிடம் “ஒரு பாய் முடிய எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டால், “எந்த நம்பர் பாய்?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். சாதாரணப் படுக்கைப்பாய் என்றால் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். பட்டுப்பாய் என்றால் மாதக்கணக்கு. இரண்டுக்கும் ஒரே கோரை, ஒரே மாதிரித் தறி. கோரையை எவ்வளவு மெலிதாகக் கீறுகிறார்கள் என்பதில்தான் எல்லா வேறுபாடும் இருக்கிறது. நம்பர் கூடக்கூட இழை மெலியும். நூறைத் தாண்டிய பாயைத் துணிபோல மடித்துப் பெட்டிக்குள் வைக்கலாம்.

திருநெல்வேலிக்கு மேற்கே, சேரன்மகாதேவியை ஒட்டிய ஊர் பத்தமடை. ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்தது இங்கேதான். பாய் நெசவு லெப்பைக் குடும்பங்களின் தொழில். தறியில் உட்காருவது பெரும்பாலும் பெண்கள். நான் போன வீட்டில் முற்றத்துச் சுவரோடு கோரைக் கட்டுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பச்சை மாறி வெளிறிய நிறம், காய்ந்த வைக்கோலும் ஆற்று மணலும் கலந்த வாசனை. முன்பெல்லாம் தாமிரபரணிக் கரையிலேயே அறுத்துக்கொண்டு வருவார்களாம். இப்போது முசிறி, கரூர் பக்கமிருந்து கட்டுக்கட்டாக வருகிறது. காவிரிக் கரையில் கோரையை நெல்போலப் பயிராகவே வளர்க்கிறார்கள். ஒருமுறை நட்டால் பல வருடம் அறுக்கலாம்.

கோரை என்ற பெயரைப் பல செடிகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. வயலில் களையெடுப்பவர் அலுப்போடு சொல்கிற கோரை வேறு. கிழங்குவிட்டு, பிடுங்கப் பிடுங்க முளைக்கிற அதன் கிழங்கைத்தான் நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று வாங்குகிறோம். பாய்க்கோரை அதன் உறவுதான், ஆனால் ஆள் உயரத்துக்கு வளரக்கூடியது. புல் என்று நாம் சொன்னாலும் நெல்லும் கரும்பும் மூங்கிலும் சேர்ந்த புல்லினத்தில் கோரை வராது, அதற்குத் தனிக் குடும்பம் உண்டு. மூங்கிலுக்குக் கணு இருக்கிறது, கோரைத் தண்டுக்குக் கிடையாது. அடியிலிருந்து பூ நுனிவரை தடையில்லாத ஒரே ஓட்டம். சுருளாத முடியைக் கோரைமுடி என்று சொல்கிறோமே, அந்த நேர்மைதான். கணு இருந்திருந்தால் கத்தி அங்கங்கே நின்றிருக்கும், பட்டுப்பாய் என்ற ஒன்றே பிறந்திருக்காது.

அந்த வீட்டுப் பெரியம்மா எனக்கு ஒரு தண்டை எடுத்துக் கீறிக் காட்டினார். நுனியில் கத்தியை வைத்து ஒரு அழுத்து. பிறகு கத்தி நகரவில்லை, கோரைதான் கத்தியின் மேல் நகர்ந்து வந்தது. இரண்டாகப் பிளந்ததும் உள்ளே பஞ்சுபோல வெண்மையாகச் சோறு தெரிந்தது. அதை வழித்துத் தள்ளிவிட்டுத் தோலை மட்டும் மறுபடி கீறினார், அதையும் மறுபடி. கடைசியில் அவர் விரலில் நின்ற இழையை நான் வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இவ்வளவு மெலிதாகக் கிழிய வேண்டுமானால் கோரை முன்னதாகவே நாள்கணக்கில் ஓடும் தண்ணீரில் கிடந்து ஊறி உப்பியிருக்க வேண்டும். இந்த ஊறவைக்கும் பக்குவத்தைக் கண்டுபிடித்தவர் அசன் பாவா லெப்பை என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு அது வெறும் தொழில்நுட்பமாகத் தெரியவில்லை. ஆறு செய்கிற பாதி வேலையைப் புரிந்துகொண்ட ஒருவரின் அறிவாகத் தெரிகிறது.

“வாங்குதவங்க பாயத்தான் பாக்காங்க தம்பி. கோரை கிழிச்சத யாரு பாக்கா?” என்றார் பெரியம்மா.

தறி தரையோடு தரையாக இருக்கிறது. இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே பருத்தி நூல் பாவு விறைப்பாக ஓடுகிறது. நீளமான குச்சியின் முனையில் கோரை இழையைக் கோத்து ஒருவர் பாவுக்குள் செலுத்த, இன்னொருவர் அச்சை இழுத்து அடிக்கிறார். இழை காய்ந்தால் முறிந்துவிடும் என்பதால் ஈரத்துணி எப்போதும் பக்கத்தில். குத்துக்காலிட்ட உட்காரலும் முன்குனிந்த முதுகும் நாள் முழுக்க மாறுவதில்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் வேலை செய்கிறார்கள். ஆனால் பூ வேலைப்பாடோ எழுத்தோ வரும் இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரும் தேதியும் நெய்ய வேண்டும். ஓர் இழை தப்பினால் எழுத்து கோணிவிடும், பிரித்துத்தான் ஆக வேண்டும்.

1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போனதைப் பெருமையோடு சொல்கிறார்கள். புவிசார் குறியீடும் கிடைத்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. பெயரைக் காக்க அது உதவும். கீறுகிற கைக்குக் கூலி கிடைக்க அது மட்டும் போதாது. பிளாஸ்டிக் பாய் தெருவில் கூவி விற்கப்படுகிறது, சாதாரணக் கோரைப்பாயை மின்தறி எடுத்துக்கொண்டுவிட்டது. கைக்கு மிஞ்சியிருப்பது மெல்லிய பாய் மட்டும்தான். அதிலும் விலை முடிந்த பாய்க்குத்தான் பேசப்படுகிறது. ஊறவைத்தது, உலர்த்தியது, சாயம் போட்டது, வாரக்கணக்கில் கீறியது எல்லாம் அந்த ஒரு தொகைக்குள் கரைந்துவிடுகின்றன. கீறுவதைத் தனி வேலையாகக் கணக்கிட்டுக் கூலி தராதவரை இளம்பெண்கள் இதற்கு வரமாட்டார்கள். வராததற்கு அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பெரியம்மாவின் மகள் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறார். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, முதுகும் தப்பிக்கிறது.

விடைபெறும்போது பெரியம்மா என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்தார். “கல்யாணப் பாய் வேணும்னு யாரும் கேட்டா, பத்திரிகை அடிக்கதுக்கு முன்னாலயே வந்து சொல்லச் சொல்லுங்க. முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் வந்து நின்னா எங்களால என்ன செய்ய முடியும்? கோரை ஊறணும்லா.”