தீகவாபிக்குச் செல்லும் வழியில்

கல்முனைக் கரையில் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே செல்கின்றன. மருதமுனையின் தறியோசை செவியை விட்டு அகலுமுன் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் வந்துவிடுகிறது. பின்னர்க் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். பள்ளிவாசலும் கோயிலும் மாறிமாறி வரினும் எங்கும் பேச்சு தமிழே.

காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள் இளமையிற் பயின்றது கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையில். அதே மெதடிஸ்த சபையார் தீவின் மறுபுறத்தே பௌத்தத்தோடு நடத்திய வழக்கு நெடியது. தமிழர் அதனை அதிகம் அறியார். ஆகவே அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

1818இல் அச்சகப் பணிக்கெனக் கொழும்பு வந்த கோகர்லி பாதிரியார் பாளி கற்றார். மறுப்பதற்காகவே கற்றார், எனினும் ஆழக் கற்றார். அவர் வழிவந்த தாவீது த சில்வா பாதிரியார், 1873 ஆகஸ்டு 26, 28 ஆகிய நாட்களில், பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரருடன் வாதிட்டார். ஆன்மா இல்லையெனில் வினை செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் வேறொருவன் ஆகானோ என்பது பாதிரியார் எழுப்பிய தடை. அவனே என்றலும் ஆகாது, வேறொருவன் என்றலும் ஆகாது என்பது தேரர் விடை. கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கு நாகசேனர் உரைத்ததும் இதுவே: இரவெல்லாம் எரியும் விளக்கில் முதற்சாமத்துச் சுடரும் கடைச்சாமத்துச் சுடரும் ஒன்றோ, வேறோ? பாணந்துறையில் மக்கள் தேரர் பக்கமே ஆர்ப்பரித்தனர். ஆங்கிலத்தில் அச்சேறிய அவ்வாதத்தைப் படித்த அமெரிக்கர் ஒல்கொட் 1880இல் இலங்கைக்கே வந்துவிட்டார்.

அதனினும் நம்மைக் கவர்வது நூறாண்டின் பின் நிகழ்ந்தது. அதே சபையைச் சேர்ந்த லின் த சில்வா (1919–1982) அனாத்மக் கொள்கையைத் தாக்காமல், அதன் துணைகொண்டு தம் விவிலியத்தையே மீண்டும் படித்தார். உடலினுட் புகுந்து வெளியேறும் அழியா ஆன்மா கிரேக்கர் தந்த கருத்து. விவிலியம் காட்டும் மனிதனோ மண்ணால் ஆனவன், இறைவனோடும் பிறரோடும் கொண்ட உறவினாலேயே ஆளாகிறவன் என 1975இல் வெளிவந்த நூலில் முடிவு கண்டார். பதி, பசு, பாசம் எனப் பயின்ற நமக்கு இம்முடிவு உடன்பாடன்று. நம் சிவஞான சித்தியார் பரபக்கமும் பௌத்தரை மறுத்தே செல்லும். ஆயினும் பரபக்கம் கற்பிக்கும் நம் தமிழாசிரியருள் பாளி கற்றோர் எத்துணைப் பேர்?

மாலையில் வயல்களினூடே தீகவாபியை அடைந்தோம். பாளியில் நெடுங்குளம் என்பது இப்பெயரின் பொருள். சத்தாதிச்ச மன்னன் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த விகாரம் என மகாவம்சம் கூறும். செங்கற் குன்றென நிற்கும் தாதுகோபத்தைச் சுற்றி வந்தோம். உடன்வந்த நிந்தவூர் ஆசிரியர் நம் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டிருந்தார்.

"ரூஹைப் பற்றி மனிதன் அறியக்கூடியது சொற்பம் என்பது எங்கள் மார்க்கம், ஐயா. அது இருக்கட்டும், அந்த மன்னர் சுடரைப் பற்றிக் கேட்டாரே, எண்ணெயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையா?"

கல்முனைக்குத் திரும்பும் வரை இதற்கு விடை தேடினோம்.