மணி தின்ற திராட்சை

நாய் நன்றியுள்ள பிராணி என்று உலகமே சொல்கிறது. அந்த நன்றிக்கு நாம் அன்போடு செய்யும் கைம்மாறே சில சமயம் அதன் உயிருக்கு உலை வைத்துவிடும் என்பதை ஒரு மார்கழி மாதத்தில் அறிந்துகொண்டோம்.

ஆருத்ரா தரிசனத்துக்கு முதல் நாள். மாலை ரயிலில் கடலூரிலிருந்து சிதம்பரம் சென்று, உறவினர் வீட்டில் தங்கி, விடியற்காலையில் ஆயிரங்கால் மண்டபத்தில் நடராஜப் பெருமானின் மகாபிஷேகத்தைத் தரிசிப்பதென்று ஏற்பாடு. மூட்டை கட்டும் சமயத்தில், பாயசத்துக்கு வாங்கிய உலர்ந்த திராட்சைப் பொட்டலம் காலியாய்க் கிடந்தது. வீட்டில் விசாரணை நடந்தது. ஏழு வயதுப் பேத்தி தலை குனிந்து, "நாமெல்லாம் ஊருக்குப் போகிறோமே, மணி பாவம் இல்லையா தாத்தா? அதனால்தான் கொடுத்தேன்" என்றாள்.

"பழந்தானே!" என்று சிரித்தோம். மருமகள் சிரிக்கவில்லை. கால்நடை வைத்தியருக்கு டெலிபோன் செய்தாள். அவர் கேட்டவை மூன்றே கேள்விகள்: என்ன தின்றது? எவ்வளவு? எத்தனை நேரமாயிற்று? மூன்றுக்கும் குழந்தைதான் விடை சொன்னாள். அரை மணி கூட ஆகவில்லை.

இதற்குள் நம் வீட்டு அம்மாள் உப்பைக் கரைத்து டம்ளருடன் வந்துவிட்டாள். "அதைக் கொடுக்கவே கூடாது, அந்த உப்பே விஷமாகும். உடனே அழைத்து வாருங்கள்" என்றார் வைத்தியர்.

ஊசி போட்டதும் திராட்சையெல்லாம் ஊதிய உருவத்தோடு வெளியே வந்தது. ஆயினும் இரண்டு நாள் சலைன் ஏற்றி, ரத்தத்தைச் சோதித்த பிறகே அவர் முகம் மலர்ந்தது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு கட்ட முடியாதாம். தின்ற நாய் முதலில் சாதாரணமாகவே திரியும். சோர்வும் வாந்தியும் பின்னால் வரும். சிறுநீர் நின்ற பிறகு ஓடினால் பயன் சொற்பம். திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை வைத்தியர்கள் எடுத்துக் காட்டினார்கள். அதே அமிலம் நம் புளியிலும் நிறைய உண்டு! வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தின் சிவப்பணுக்களை அழிக்கும். சாக்லேட் அதன் இருதயத்தைப் படபடக்கச் செய்யும்.

அவ்வருஷம் தரிசனம் கிட்டவில்லை. ஆனால் குழந்தை அடிக்குப் பயந்து உண்மையை மறைத்திருந்தால் மணியும் நமக்குக் கிட்டியிராது. அவளை ஒருவரும் கோபிக்கவில்லை.

மூன்றாம் நாள் உறவினர் ஒருவர் சிதம்பரத்திலிருந்து ஒரு தூக்கு நிறையக் கத்தரிக்காய்க் கொத்சு கொண்டுவந்தார். மணி வாலை ஆட்டிக்கொண்டு இலையருகே வந்து உட்கார்ந்தது. நாம் பேத்தியைப் பார்த்தோம்.

"புளி, வெங்காயம் இரண்டும் இருக்கிறது, தாத்தா!" என்று சொல்லி, அவள் அதற்கு வெறுஞ்சோற்றை எடுத்து வைத்தாள்.