கிரெப்ஸின் ஸனத்



உயர்தர உயிரியல் படித்தவர்களுக்குக் கிரெப்ஸ் வட்டம் ஞாபகம் இருக்கும். ஞாபகம் இல்லாவிட்டாலும் அது தந்த தலையிடி ஞாபகம் இருக்கும். போன கிழமை அதைப் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "சேர், இந்தக் கிரெப்ஸுக்கு யாரு சேர் படிச்சுக் குடுத்த?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்ரஸாவில் எங்கள் உஸ்தாத் ஒரு ஹதீஸைச் சொன்னால், அதன் கருத்துக்குப் போகுமுன் ஸனதைத்தான் சொல்வார். இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற வரிசை. விஞ்ஞானத்தில் அந்தக் கேள்வியை இருபது வருஷத்தில் ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. நானும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அதற்கான பதிலைக் கிரெப்ஸே எழுதி வைத்திருக்கிறார். 1967இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த கட்டுரை. (1937இல் இதே வட்டத்தைப் பற்றி அவர் அனுப்பிய கடிதத்தை, கைவசம் நிறையக் கடிதங்கள் இருக்கின்றன என்று உடனே ஏற்காமல் விட்டதும் அதே 'நேச்சர்'தான். அவர் வேறு சஞ்சிகையில் போட்டார்.) விஞ்ஞானி ஒருவர் உருவாவதில் அவருக்குப் பழக்கிய ஆசிரியருக்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்ட, தன் சொந்த வரிசையையே அதில் எடுத்து வைக்கிறார்.

கிரெப்ஸின் ஆசான் ஒட்டோ வார்பர்க். வார்பர்க்கின் ஆசான் எமில் ஃபிஷர். ஃபிஷருக்கு பேயர், பேயருக்கு கெகுலே, கெகுலேக்கு லீபிக், லீபிக்குக்கு கேலுசாக், கேலுசாக்குக்கு பெர்தொலே. கடைசி இருவரும் பாரிஸில் வேலை செய்தவர்கள், நெப்போலியன் காலத்தவர்கள். ஃபிஷர் 1902, பேயர் 1905, வார்பர்க் 1931, கிரெப்ஸ் 1953 என்று தொடர்ந்து நான்கு பேருக்கு நோபல் பரிசு. மாணவர் ஃபிஷருக்குக் கிடைத்து மூன்று வருஷம் கழித்துத்தான் குரு பேயருக்குக் கிடைத்தது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்த கட்டங்கள் சில. பெர்தொலே தன் இளம் உதவியாளர் கேலுசாக்கிடம் ஒரு பரிசோதனையைக் கொடுக்க, முடிவு பெர்தொலே நினைத்ததற்கு நேர்மாறாக வந்ததாம். அவர் கோபிக்கவில்லை, மெச்சினார் என்று சொல்வார்கள். கேலுசாக்கோ, பரிசோதனை சரிவந்தால் லீபிக்கையும் பிடித்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குள் ஆடுவாராம். அந்த லீபிக் 21 வயதில் கீசன் நகரில் பேராசிரியராகி, மாணவர்கள் தங்கள் கையாலேயே செய்து பழகும் ஆய்வுகூடத்தைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். கட்டடக் கலை படிக்கப் போன கெகுலே அவருடைய விரிவுரையைக் கேட்டு இரசாயனத்துக்கு மாறினார்.

ஆனால் என்னை உட்கார வைத்தது கடைசிக் கண்ணி. கிரெப்ஸ் 1926 முதல் 1930 வரை பெர்லினில் வார்பர்க்கிடம் வேலை செய்தார். உயிருள்ள இழையத்தைச் சவர அலகால் மெல்லிய சீவல்களாக வெட்டி, அவை எவ்வளவு ஒட்சிசன் எடுக்கின்றன என்று மனோமானியால் அளப்பது வார்பர்க்கின் முறை. அதைக் கற்றுக்கொண்டார். அதன் பிறகு வார்பர்க் அவரை வைத்திருக்கவில்லை. போகச் சொன்னார், வேறு இடம் தேடிக் கொடுக்கவும் இல்லை. கிரெப்ஸ் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பினார். 1932இல், அதே சீவல் முறையை ஈரலில் வைத்து, யூரியா வட்டத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷம் யூதர் என்பதால் ஹிட்லரின் ஆட்சி அவரை வேலையிலிருந்து நீக்க, வார்பர்க் மாதிரி மனோமானிகளையும் எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். நம் பிள்ளைகளுக்குத் தலையிடி தரும் வட்டம் பிறந்தது ஷெஃபீல்டில், புறாவின் நெஞ்சுத் தசையில்.

தன்னை வெளியே அனுப்பிய மனிதரைத்தான் ஸனதில் தனக்கு அடுத்ததாக வைத்தார் கிரெப்ஸ். பிற்காலத்தில் வார்பர்க்கின் வாழ்க்கை வரலாற்றையும் அவரே எழுதினார்.

இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் போனது. காரணம் இருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன் ஒரு மாணவனின் வாப்பாவைக் கூப்பிட்டு, "இவனுக்கு உயிரியல் சரிவராது, வேற பிரிவுல போடுங்க" என்று சொன்னேன். அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவர்கள் வேறு பாடசாலைக்குப் போய்விட்டார்கள். அங்கே அவன் உயிரியல்தான் படித்தான். இன்று ஓர் ஆஸ்பத்திரியில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். கடந்த ஆசிரியர் தினத்தில் அவனிடமிருந்து ஒரு செய்தி: "சேர், நுணுக்குக்காட்டியில மொதமொதல் வெங்காயத்தோல் காட்டின நீங்கதான்." அவ்வளவுதான். மற்றதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஒரு இதயக் குறி போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். கிரெப்ஸை வாசித்த பிறகுதான் பதில் எழுதினேன். அன்று நான் சொன்னது பிழை, மன்னித்துக்கொள் என்று. மூன்று தடவை எழுதி அழித்த வசனம் அது. சுபஹுக்குப் பிறகு பதில் வந்தது: "அத விடுங்க சேர். எனக்கிட்ட இப்ப ரெண்டு பேர் பழகுறாங்க. ஸ்லைட் செய்யக் காட்டிக் குடுத்துட்டிருக்கன்."

வெங்காயத்தோல் உரிக்கும் அந்த வித்தை என்னுடையதல்ல. என் விஞ்ஞான ஆசிரியருடையது. காகிதத்தில் சுற்றிய அரை பிளேட் ஒன்று எப்போதும் அவர் சேர்ட் பையில் இருக்கும். தண்ணீர்த் துளியில் தோலைச் சுருங்காமல் விரிக்க எங்கள் விரலைப் பிடித்துக் காட்டுவார். நான் இன்றும் பிளேட்டை அவர் பிடித்த மாதிரித்தான் பிடிக்கிறேன். அவருக்கு அதைக் காட்டிக் கொடுத்தது யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க அவர் இல்லை. வரிசையில் ஓர் ஆள் விடுபட்டாலே அந்த ஹதீஸைப் பலவீனமானது என்று ஒதுக்கும் மரபில் ஓதியவன் நான். என் ஸனத் இரண்டாவது ஆளோடு அறுந்து கிடக்கிறது.

அவர் பெயரை இங்கே போடவில்லை. பிளேட் என்றதுமே ஊரில் பாதிப் பேருக்கு ஆள் விளங்கியிருக்கும். அவரோடு ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாக இருந்த மூத்தவர்கள், அவருடைய குடும்பத்தார் யாராவது இதை வாசித்தால், அவருக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர் யார் என்று கீழே எழுதுங்கள். அந்தப் பிள்ளைக்கு அடுத்த கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். கிரெப்ஸுடையதைச் சொன்னால் அடுத்து என்னுடையதைக் கேட்பாள்.