பட்டுபோல் ஆடவேண்டும்

திரையில் ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தால் அது விறைப்பாகத்தான் நகரவேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. இழுத்த முனை முன்னே வர, மறுமுனை தயங்கித் தயங்கிப் பின்னால் வரலாம். மூடும்போது தீப்பற்றி எரிந்து மறையலாம்; காகித விமானமாக மடிந்து பறந்துபோகலாம். நான்கு டெஸ்க்டாப்புகளை ஒரு கனசதுரத்தின் நான்கு முகங்களில் வைத்து, கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்திக்கொண்டு மவுஸால் சுழற்றிப் பார்க்கலாம். லினக்ஸ் கணினிகளுக்கு இந்த வித்தைகளைக் கொண்டுவந்த மென்பொருள் காம்பிஸ். நோவெல் நிறுவனத்தில் இருந்த டேவிட் ரேவ்மன் எழுதி 2006 தொடக்கத்தில் வெளிவந்தது. அந்த ஆண்டே பெரில் என்று ஒரு பிரிவு தனிக்குடித்தனம் போய், 2007இல் திரும்பி வந்து சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த உபுண்டு 7.10, கிராபிக்ஸ் இடம்கொடுத்தால் தானாகவே இதை இயக்கியது.

வெட்டி வேலை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெமரி போகும், பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்துக்கு நடுவே இதைப் பார்த்தவன் நான். பிள்ளைகள் கணினியைத் தமதாக்கிக்கொள்ள இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த ஆண்டு இலக்கே 9 லட்சத்துக்கு மேல். எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி அதுதான். முன்கூடம் முழுவதையும் தறி பிடித்துக்கொள்ளும் வீடுகள் இவை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், புடவையில் பார்டரை இணைத்து நெய்யும் கோர்வைக்கு மறுபுறம் உட்கார்ந்து நாடா தள்ளிக் கொடுக்க ஒரு கை வேண்டும். அது அநேகமாக வீட்டுப் பிள்ளையின் கை. அந்தக் கைக்குத்தான் லேப்டாப் வந்தது.

முதலில் வந்த அந்த லேப்டாப்புகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸின் மிகக் குறைந்த பதிப்பு. அதில் வால்பேப்பரைக்கூட மாற்ற வழி கிடையாது. பாஸ் லினக்ஸோ டெபியன் மேல் கட்டப்பட்டது. காம்பிஸைச் சேர்த்துக்கொள்ளலாம், எந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்பதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றலாம். ஒரே பெட்டிக்குள் பூட்டிய வீடும் திறந்த வீடும் இருந்தன. பெரும்பாலான பிள்ளைகள் பூட்டிய வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். திறந்த வீடு ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

திறந்த பக்கம் போன சிலரில் எங்கள் தெருப் பையன் ஒருவன். பிளஸ் டூ, தமிழ் வழி. ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து விண்டோவை இழுத்து இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தான். காலமெல்லாம் கோர்வை நெய்த எதிர்வீட்டுப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னடா தம்பி அது, துணியா?”

“துணி மாதிரி ஆடும் பெரியப்பா.”

“எங்க, இன்னொரு வாட்டி இழு.” பார்த்தார். “துணி இப்படி ஆடாதுடா. இது சைக்கிள் டியூபு மாதிரி துள்ளுது. பட்டுன்னா ஒரு தடவ போவும், வரும், நின்னுடும். பார்டர்ல ஜரிக இருக்குல்ல, அது கீழ இழுக்கும்.”

பையனுக்கு அது ரோஷமாகப் போயிற்று. செட்டிங்ஸைத் திறந்தான். விண்டோ ஆடுவதற்கு அங்கே உராய்வு, சுருள்வில்லின் விறைப்பு என்று தனித்தனி எண்கள் உண்டு. இரண்டும் அவன் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் மனப்பாடம் செய்தவை. உராய்வைக் கூட்டினான், ஆட்டம் சட்டென்று அடங்கியது, ஆனால் உயிர் போய்விட்டது. விறைப்பைக் குறைத்தான், விண்டோவின் வால் நீண்டு குழைந்தது.  இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, பெரியவரிடம் காட்டி, அவர் தலையசைப்புக்காகக் காத்திருந்தான். ஹூக் விதியை எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளை அதைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான்.

உள்ளே நடப்பது இதுதான். விண்டோவின் மேல் வரிசைக்கு நான்காக நான்கு வரிசை, மொத்தம் 16 புள்ளிகளை நிரல் வைத்துக்கொள்கிறது. அண்டை அயல் புள்ளிகளைக் கற்பனைச் சுருள்வில்கள் பிணைக்கின்றன. மவுஸ் பிடித்த இடத்துக்குப் பக்கத்துப் புள்ளி மவுஸோடு போகும். மற்றவற்றை வில்கள் இழுக்கும். ஒவ்வொரு கணமும் எந்தப் புள்ளி எங்கே என்று கணக்கிட்டு, அந்த வளைவின்மேல் விண்டோவின் படத்தை விரிக்கிறது. கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் எழுதிய கணக்கு இது. முன்பெல்லாம் ஒவ்வொரு நிரலும் நேராகத் திரையிலேயே வரைந்தது. அப்படி வரைந்ததை வளைக்க முடியாது. ஒவ்வொரு விண்டோவையும் மறைவாக நினைவகத்தில் வரைந்து, கடைசியில் ஒன்றாகச் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் முறை வந்த பிறகுதான் இந்த ஆட்டமெல்லாம் சாத்தியமாயிற்று.

கடைசியில் பையன் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டான். “அண்ணா, கீழ் வரிசைக்கு மட்டும் எடை கூட்ட முடியுமா? அதுதானே பார்டர்?”

செட்டிங்ஸில் முடியாது. நிரலில் 16 புள்ளிகளுக்கும் ஒரே நிறை. ஆனால் மூல நிரல் திறந்திருக்கிறது. சி மொழியில் எழுதிய அந்தக் கோப்பை யாரும் இறக்கிப் படிக்கலாம், கீழ்வரிசை நான்குக்கு வேறு எடை கொடுத்துத் திருத்தலாம். இருவரும் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவனுக்கு அன்று பாதிகூடப் புரியவில்லை. ஆனால் திரையில் அசைகிற எதற்கும் பின்னால் யாரோ எழுதிய வரி இருக்கிறது, அதை மாற்றலாம் என்பது புரிந்துவிட்டது. ஒரு வருடம் பாடம் நடத்தினாலும் இதைப் புரியவைப்பது கடினம். புடவைக்கான டிசைனைக் கட்டத்தாளை விட்டுக் கணினியில் போடத் தொடங்கிவிட்ட ஊரில், மென்பொருளுக்குப் பயப்படாத பிள்ளை எவ்வளவு அவசியம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

காம்பிஸின் காலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. உபுண்டு 2017 அக்டோபரில் வேறு டெஸ்க்டாப்புக்கு மாறியது. 2008இல் அதே ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் என்ற புதிய திரைமுறை இன்று லினக்ஸில் பழைய எக்ஸ் முறையின் இடத்தைப் பிடித்துவருகிறது. காம்பிஸ் எக்ஸுக்காக எழுதப்பட்டது. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. கேடிஇ டெஸ்க்டாப்பில் ஆடும் விண்டோக்கள் இருக்கின்றன. இடையில் கைவிடப்பட்ட கனசதுரமும் 2024 பிப்ரவரியில் அதன் பிளாஸ்மா 6 பதிப்போடு திரும்பிவிட்டது.

நம் கணினி ஆய்வகங்களைப் பார்த்தால்தான் மனம் கனக்கிறது. “எதையும் மாற்றாதே” என்று அட்டையில் எழுதி ஒட்டி, வால்பேப்பரையும் பூட்டிவைத்திருக்கும் கூடங்களைப் பார்த்திருக்கிறேன். நிர்வாகத்துக்கு அது சௌகரியம், கற்பவருக்குக் கேடு.

2025ஆம் ஆண்டு பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மடிக்கணினி கிடைத்தால், அதில் லினக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சேர்த்துக்கொடுங்கள். தெரியாததைக் கேட்கக் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழிலேயே படிக்கக் கணியம் இதழ் இருக்கிறது. விண்டோவை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எந்த எண்ணை மாற்றினாய் என்று கேளுங்கள்.